வட்டம் விழாத தட்டு

ஐந்தரை மணிக்கு மாப்பைப் பிழியத் தொடங்கினால்தான், ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் வருவதற்குள் பதினான்கு படுக்கைகளின் கீழும் தரை காயும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த வேலைக்கு முன்பு நான்கு பேர் இருந்தார்கள். துப்புரவு ஒப்பந்தம் புது நிறுவனத்தின் கைக்குப் போன மாதம் மூன்று பேரானார்கள். அதற்கடுத்த மாதம் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நெட்டை. ஏணி இல்லாமலே டிரிப்ஸ் கம்பியின் உச்சியைத் துடைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். இன்னொருத்தி பாட்டுக்காரி. முனகிக்கொண்டே வேலை செய்வாள்; எந்தப் பாட்டென்று அவளுக்கே தெரியாது. நெட்டை மேலே, பாட்டுக்காரி கீழே என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "நீ மாடி வீட்டுக்காரி, நான் தரை வீட்டுக்காரி. வாடகை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு" என்பாள் பாட்டுக்காரி, கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு.

கட்டில் சக்கரங்களில் தலைமுடியும் பஞ்சுத் துணுக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். அதை விரலால்தான் பிடுங்க வேண்டும். கம்பியின் மூட்டில் காய்ந்துபோன ரத்தத்தை நகத்தால் சுரண்ட வேண்டும். முன்பு படுக்கைக்கு ஒரு துணி. இப்போது நான்கு படுக்கைக்கு ஒரு துணி, பதினான்குக்கும் ஒரே பக்கெட். ஆறாவது படுக்கையைத் தாண்டும்போது தண்ணீர் கரி கரைத்ததுபோல் ஆகிவிடும். கீழே போய் மாற்றிக்கொண்டு வர நேரமிருக்காது. அதே தண்ணீரில்தான் பதினான்காவது படுக்கையும்.

அந்தத் தண்ணீரைப் பற்றி நெட்டைக்கு மூன்று மாதமாகவே ஓர் உறுத்தல். பழைய லோஷன் என்றால் மூடியைத் திறந்ததுமே கண் எரியும். இப்போது பக்கெட்டுக்குள் முகத்தை விட்டாலும் ஒரு வாசனையும் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டாள். "புது சரக்குக்கா. வாசனையே இருக்காது. நோயாளிங்களுக்கு மூச்சு முட்டக்கூடாதுன்னு மாத்தியிருக்காங்க" என்றான் அவன். நெட்டை அதோடு விட்டுவிட்டாள். சூப்பர்வைசர் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் கையில் மாப்பைக் கொடுத்து, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவளே அவள்தான். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

விபத்து மாடிப்படியில் நடந்தது. மருத்துவக் கழிவுப் பைகளை லிஃப்டில் கொண்டுபோகக் கூடாது. பார்வையாளர்கள் முகம் சுளிக்கிறார்களாம். பாட்டுக்காரி இரண்டு தோளிலும் பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். உடைந்த மருந்துப் புட்டிகளைப் போடுகிற கெட்டிப் பெட்டிகள் தீர்ந்துபோய் இரண்டு வாரம் ஆகியிருந்ததால், எல்லாமே பையில்தான் போயின. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் வழுக்கியது. பையைக் கிழித்துக்கொண்டு வந்த கண்ணாடி, கிழிந்த கையுறையையும் தாண்டி மணிக்கட்டுக்கு மேலே இறங்கியது. ஆறு தையல். மறுநாள் காலை ஐந்தரைக்கு வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

நான்காம் நாள் கை வீங்கிச் சிவந்தது. அவளை வார்டில் சேர்த்துக் கழுத்து நரம்பில் குழாய் போட்டு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, கையும் வற்றத் தொடங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மதியம், கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர்நடுக்கம் வந்தது. நெட்டை இரண்டு போர்வையைப் போட்டு மேலே அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. சாயங்காலம் அவளை ஒன்பதாம் படுக்கைக்கு மாற்றினார்கள். அவளே தினமும் துடைத்த படுக்கை.

ரத்தம் எடுத்துக் கீழே லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவரைத் துப்புரவுக்காரர்கள் தட்டுக்காரர் என்பார்கள். நாள் முழுக்கச் சின்னச் சின்ன வட்டத் தட்டுகளில் கிருமி வளர்த்துக்கொண்டிருக்கும் மனிதர். லேப் குப்பையை எடுக்க வரும் நெட்டையிடம் எப்போதும் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவார். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை.

"ஒன்பதாம் பெட் உங்க ஆளா?"

"ஆமாங்க. என்னோட வேலை செய்றவ."

ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. நடுவே ஆறு வெள்ளை வில்லைகள்.

"ஒவ்வொரு வில்லையும் ஒரு மருந்து. மருந்து கேட்டா, வில்லையைச் சுத்தி எதுவும் முளைக்காம வெறும் வட்டம் விழும். இதுல ஒண்ணுலயாவது வட்டம் தெரியுதா பாருங்க."

நெட்டை குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறம் ஆறு வில்லைகளின் விளிம்பையும் ஒட்டி வந்து நின்றது. ஒரு மயிரிழை இடம்கூட விடவில்லை.

"அப்படின்னா மருந்தே இல்லையா?"

"ஒண்ணு மிச்சம் இருக்கு. பழைய மருந்து. கிட்னியைப் பதம் பாக்கும்னு ஒதுக்கி வச்சிருந்தது. இன்னிக்கு அதைத்தான் ஏத்தப்போறாங்க."

"அவளுக்கு மட்டும் ஏங்க இப்படி?"

தட்டுக்காரர் அலமாரியைத் திறந்தார். வரிசையாகத் தட்டுகள். அவளுடையதைத் தவிர எட்டு இருந்தன. எதிலும் வட்டம் இல்லை.

"இருபது நாள்ல ஒன்பது பேர். எல்லார் ரத்தத்துலயும் இதே கிருமி. நாலு பேர் போயிட்டாங்க."

"செத்தவங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

"இதயம் நின்னுபோச்சுன்னு. செத்தா இதயம் நிக்கத்தானே செய்யும். அது பொய் இல்ல." அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். "வர்றவங்க எல்லாருக்கும் முதல் நாளே பெரிய மருந்தை ஏத்திடறாங்க. சாகாம தப்பிச்ச கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்குது. அப்புறம் படுக்கைக்குப் படுக்கை தாவுது. பெரிய மருந்தைக் குறைக்கச் சொல்லி மாசாமாசம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஃபைல்ல போட்டாங்க. மூணாவது தடவை, இதை வெளியில பேசினா வேலை இருக்காதுன்னாங்க. பேசல. எனக்கும் குடும்பம் இருக்கு."

நெட்டை வாசனையில்லாத லோஷனைப் பற்றிச் சொன்னாள்.

"நாளைக்கு அந்தப் பக்கெட்டுலேர்ந்து கொஞ்சம் கொண்டாங்க" என்றார் தட்டுக்காரர்.

கொண்டுபோனாள். துடைக்கத் தொடங்குவதற்கு முன்பே எடுத்த தண்ணீர். இரண்டு நாளில் விடை வந்தது. கிருமியைக் கொல்ல வேண்டிய தண்ணீரிலேயே கிருமி செழித்திருந்தது. அதே சாம்பல் நிறம், அதே வட்டம் விழாத தட்டு.

நெட்டை நேராகத் தம்பியிடம் போனாள். வேறு யாரிடம் போவாள்? ஸ்டோர் அறையில் அவனைப் பிடித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். தட்டுகள், நான்கு சாவு, பக்கெட் தண்ணீர். அவன் முகம் வெளுத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை என்கிட்ட சொன்னக்கா. நான் மேல பேசுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத."

"சீக்கிரம் பேசுடா. அவ கிடக்குறதைப் பாக்க முடியல."

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

அவள் நிம்மதியோடு மாடிக்குப் போனாள். பாட்டுக்காரி விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. நெட்டை ஸ்பூனால் தண்ணீர் கொடுத்து, கையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"என் ரத்தத்துல என்ன இருக்காம்?"

நெட்டை மறைக்கவில்லை. தரையிலிருந்தும் கம்பியிலிருந்தும் ஏறுகிற கிருமி என்று சொன்னாள்.

பாட்டுக்காரி கூரையைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா அதைத்தானே விரட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "நான் சரியாத்தானே துடைச்சேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் துடைச்ச."

மூன்று நாள் கழித்து நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே நெட்டை போனாள். குளிர்ந்த அறை. நிர்வாகி மெதுவாகப் பேசுகிறவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மேசையின் அந்தப் பக்கம் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் ஒருவர். அவருக்குப் பின்னால் தம்பி நின்றான். மேசைமேல் இரண்டு பதிவேடுகள் விரித்துக் கிடந்தன.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"தினம் அஞ்சு லிட்டர் லோஷன் வாங்கியிருக்கீங்க."

"குடுத்தது ஒன்றரை லிட்டருங்க. போகப் போக அதுவும் தண்ணியாத்தான் இருந்துச்சு. கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன்."

"யார் சொன்னது?"

நெட்டை தம்பியைப் பார்த்தாள். அவன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுங்க" என்றார் நிர்வாகி அவனிடம்.

"முழு அளவுதான் சார் குடுத்தேன். தண்ணி கலக்குறது அவங்க பொறுப்பு."

நெட்டைக்கு முதலில் கோபம் வரவில்லை. காதில் சரியாக விழவில்லையோ என்றுதான் தோன்றியது. நிர்வாகி இரண்டாவது பதிவேட்டை நகர்த்தினார்.

"கை சுத்தம் பத்தி மூணு பயிற்சி வகுப்பு. மூணுலயும் நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

"வகுப்பே நடக்கலீங்க."

"நடக்காத வகுப்புக்கு ஏம்மா கையெழுத்து போட்டீங்க?"

தம்பி மாடிப்படியில் நின்று பேனாவை நீட்டி, "சும்மா ஃபைலுக்குக்கா" என்றான், போட்டாள். அவனை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"ஒன்பது பேருக்குத் தொற்று. சுத்தம் செய்றவங்களோட அலட்சியம்னு விசாரணையில தெரிஞ்சிருக்கு" என்றார் நிர்வாகி, விசாரணை முடிந்துவிட்டதைப்போல. "வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து ஒப்பந்தத்துல இருக்கற இருபத்திரண்டு பேரும் வர வேண்டாம். புது ஆட்கள் வருவாங்க."

வெளியே தாழ்வாரத்தில் தம்பி பின்னால் ஓடிவந்தான்.

"அக்கா, நில்லு. என் நிலைமையைக் கொஞ்சம் புரிஞ்சுக்க. நான் வேற மாதிரி சொல்லியிருந்தா என் வேலையும் போயிருக்கும். உனக்கு வேற இடத்துல நானே பாத்துத் தரேன்."

"லோஷன்ல தண்ணின்னு உனக்குத் தெரியுமா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மேலேர்ந்து வந்ததே அவ்வளவுதான்க்கா. மூணு கேனை ஒன்பது வார்டுக்குப் பிரிக்கணும். நான் என்ன செய்ய?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் உன் அக்காடா. பாட்டுக்காரி உன்னை எத்தனை நாள் தன் சாப்பாட்டுல பாதி குடுத்து உக்கார வச்சா. அவ அந்தத் தண்ணியில முழங்கால் போட்டுத் துடைச்சா. நீ பாத்துக்கிட்டு நின்ன."

"நான் பொய்யா சொன்னேன்? கையெழுத்து உன்னோடதுதானே?"

அந்த ஒரு வார்த்தையில் ஏதோ அறுந்தது. நெட்டை அவனை மேலும் கீழும் பார்த்தாள். தெருவில் வழி கேட்ட யாரோ ஒருவனை விட்டுப் போவதுபோல் திரும்பி நடந்தாள்.

லிஃப்ட் அருகே ஒரு பஸ் டிரைவர் நின்றிருந்தார். காக்கிச் சட்டையிலேயே வந்திருந்தார். பதினொன்றாம் படுக்கையில் அவர் மனைவி இறந்து ஒரு வாரம். இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த இடத்தில், துப்புரவுக்காரர்களின் அலட்சியம் என்று நிர்வாகி அவரிடம் சொல்லியிருந்தார்.

"நீங்கதானே அந்த வார்டைத் துடைக்கிறது?" என்று மறித்தார். "பித்தப்பைக் கல்லுக்குத்தான் சேர்த்தேன். நடந்து வந்தா. உங்க சோம்பேறித்தனத்துக்கு எங்க வீட்டுல ஒரு உயிர் போகணுமா?"

நெட்டை "என்கூட வாங்க" என்று மட்டும் சொன்னாள். லேபுக்கு அழைத்துப்போனாள். தட்டுக்காரர் முதலில் தயங்கினார். பிறகு, டிரைவரின் முகத்தைப் பார்த்தவர், அலமாரியைத் திறந்து அவர் மனைவியின் தட்டை எடுத்தார். பக்கெட் தண்ணீரின் தட்டை அதன் பக்கத்தில் வைத்தார். டிரைவர் நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருமே சொல்லலையே" என்றார்.

மறுநாள் மதியம் துணி துவைக்கும் அறையில் இருபத்தொரு பேர் கூடினார்கள். இயந்திரங்களின் ஆவியில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. சவக்கிடங்கில் வேலை செய்கிற குள்ளமான மனிதர் துணிமூட்டைமேல் ஏறிக்கொண்டார்.

"பேச்செல்லாம் எதுக்கு? இன்னிக்கே மாப்பைக் கீழ போடுவோம். ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரி நாறிப்போகும். தானா வருவாங்க."

பாதிப் பேர் ஆமாம் என்றார்கள்.

"நாறும். நாறுனா யார் சாவா?" என்றாள் நெட்டை. "நிர்வாகியா படுத்திருக்காரு அங்க? பாட்டுக்காரி படுத்திருக்கா."

"அப்போ சும்மா இருக்கச் சொல்றியா? உன் தம்பி நம்மளை விக்கிறான், நீ எங்களுக்கு வழி சொல்ல வந்துட்ட" என்றார் சவக்கிடங்குக்காரர்.

நெட்டை தலையைக் குனியவில்லை.

"ஆமா, வித்துட்டான். உங்களுக்கு முன்னாடி என்னைத்தான் வித்தான். நான் போட்ட கையெழுத்தை வச்சேதான் வித்தான். அதனால சொல்றேன், இனிமே பொய்க்குக் கையெழுத்து போட மாட்டோம். செத்த தண்ணியால துடைக்க மாட்டோம். வெறும் சோப்பும் சுடுதண்ணியும் குடுத்தாக்கூட அதால துடைப்போம், படுக்கைக்கு ஒரு துணி கிழிச்சு வச்சுக்கிட்டு. திங்கட்கிழமை போகச் சொன்னாலும் போக மாட்டோம். வார்டு வாசல்லயே இருப்போம். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும். நம்ம கையைத் தட்டுக்காரர்கிட்ட நீட்டணும்."

"எதுக்கு? கிருமி இருந்தா நம்ம தலையிலேயே கட்டிடுவாங்க."

"இருந்தா இருக்குன்னு தெரியட்டும். அவ வாய்க்கு நான் இந்தக் கையாலதான் தண்ணி குடுத்தேன். எனக்குத் தெரியணும்."

அன்றைக்கு ஆறு பேர்தான் கையை நீட்டினார்கள். தட்டுக்காரர் பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளங்கையைத் தடவி எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை தட்டுக்காரர் நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டார். ஆறில் இரண்டு பேர் கையில் அந்தக் கிருமி இருந்தது. அதில் ஒன்று அவளுடைய கை.

அவள் குழாயடிக்குப் போய்த் தோல் எரிகிற வரைக்கும் கழுவினாள். பிறகு குந்தி உட்கார்ந்து அழுதாள். தம்பி பேசியதற்கு வராத அழுகை இதற்கு வந்தது. இத்தனை வருடம் உழைத்த கை. அதுவும் அவளைக் கைவிட்டதுபோல் இருந்தது. தட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நீங்க சொல்லாம இருந்து இருந்துதாங்க இவ்வளவும்" என்றாள் நெட்டை, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நான் சொல்லப்போறேன்."

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு அவர்கள் சோப்புத் தண்ணீரால் வார்டைத் துடைத்தார்கள். ஏழு மணிக்குக் கீழே லேபின் ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றார்கள். பஸ் டிரைவர், இறந்துபோன இன்னும் இரண்டு பேரின் வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் ஒப்பந்த நிறுவனத்தின் வண்டி நின்றது. மடிப்புக் கலையாத புத்தம்புதுச் சீருடையில் புது ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி இறங்கி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நோயாளிகள் இருக்கற இடத்துல கூட்டம் போடறீங்க. உங்களால செத்தவங்க போதாதா?" நிர்வாகியின் குரல் வழக்கம்போல் மெதுவாகத்தான் இருந்தது.

நெட்டை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் நீட்டினாள்.

"என் கையில அந்தக் கிருமி இருக்குங்க. சனிக்கிழமை பாத்தாச்சு. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் சொல்றேன். பக்கெட்டுல இருந்து என் கைக்கு வந்துச்சா, என் கையில இருந்து பக்கெட்டுக்குப் போச்சான்னு எனக்குத் தெரியாது. குழாய்ல இருக்கலாம். டாக்டரம்மா கழுத்துல மாட்டியிருக்கறதுல இருக்கலாம். எல்லாத்தையும் பாருங்க. நாலு பேர் எதனால செத்தாங்கன்னு அவங்க வீட்டுல எழுதிக் குடுங்க. நல்ல லோஷன் குடுங்க, வார்டுக்கு நாலு ஆள் குடுங்க. நான் என் கையைக் காட்டிட்டேன். நீங்க உங்க கையைக் காட்டுங்க சார்."

நிர்வாகி தட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஜன்னலை மூடுங்க."

தட்டுக்காரர் ஜன்னல் கதவைப் பிடித்தார். அவர் கை அங்கேயே நின்றது. பிறகு கதவை முழுக்கத் திறந்து கொக்கியை மாட்டினார். "நாலு மாசமா மூடித்தான் வச்சிருந்தேன் சார்" என்றார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த நர்ஸ், இரவுப் பணி முடித்த இன்னும் மூன்று நர்ஸுகளோடு இறங்கி வந்தார். லோஷன் சரியில்லை என்று எழுதிக் கொடுத்து, திட்டு வாங்கி, பேசாமல் இருந்துவிட்டவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்றார். "எடுங்க" என்றார். "ஒன்பதாம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்தினது நான்தான்."

அவருக்குப் பின்னால் அன்றைக்குக் கையை நீட்ட மறுத்த பதினைந்து பேரும் வரிசையில் நின்றார்கள். சவக்கிடங்குக்காரர் முதலில் நின்றார். பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி நிர்வாகியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். வேலைநீக்க அறிவிப்பு பலகையில் அப்படியேதான் இருந்தது. வண்டியும் போகவில்லை. மேலே பாட்டுக்காரிக்குக் கடைசி மருந்தின் பன்னிரண்டாம் நாள்; காய்ச்சல் ஒரு படி இறங்கியிருக்கிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது, இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்று நர்ஸ் நெட்டையின் காதில் சொன்னார்.

"நாப்பது குச்சிதான் இருக்கு" என்றார் தட்டுக்காரர்.

"தீந்தா எழுதிக் கேப்போம். எல்லாரும் சேந்து கையெழுத்து போட்டு" என்றாள் நெட்டை.

வரிசையில் பஸ் டிரைவர் நின்றிருந்தார். அவர் முறை வந்தது. "நீங்க இங்க வேலை செய்றவர் இல்லையே" என்றார் தட்டுக்காரர் தணிந்த குரலில்.

"கடைசி மூணு நாள் அவ கையை நான்தான் பிடிச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் டிரைவர். "என்னோடதையும் பாருங்க."

தட்டுக்காரர் புதுக் குச்சி ஒன்றைப் பிரித்தார்.